கடுகளவு துரு

நம் வீட்டு வாசலில் ஒரு பழைய அம்பாஸடர் வண்டி நிற்கிறது. 1957-ஆம் ஆண்டு உத்தரபாராவில் தோன்றி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன வம்சத்தைச் சேர்ந்தது. தகப்பனார் ஓட்டிய வண்டி. ஆகையால், "இதைத் தள்ளிவிட்டு வேறொன்று வாங்கலாமே" என்ற பேச்சுக்கே நம் வீட்டில் இடமில்லை.

சென்ற வருஷம் அதன் முன் கண்ணாடியின் கீழ் மூலையில் கடுகளவு பழுப்புப் பொட்டு ஒன்றைக் கண்டோம். குழந்தைகளின் நகச் சாயத்தை எடுத்து அதன்மேல் தடவிவிட்டு, பெரிய வைத்தியம் செய்துவிட்டதாக மனம் பூரித்தோம். கார்த்திகை மழை ஓய்ந்த பின் பார்த்தால், கடுகு சுண்டைக்காயாக வீங்கியிருந்தது! விரல் பட்டதும் வர்ணம் பொறுக்குப் பொறுக்காக உதிர்ந்தது.

இரும்பும், ஈரமும், பிராணவாயுவும் கூடினால் துரு பிறக்கிறது. கடற்கரைப் பட்டணங்களில் உப்பும் சேர்ந்துகொள்வதால் வேகம் மிகுகிறது. துரு, தான் தின்ற இரும்பைக் காட்டிலும் அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும் சுபாவமுடையது. ஆதலால் வர்ணத்தை அடியிலிருந்து நெம்பித் தூக்குகிறது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் ரப்பர் பட்டையின் அடியில் மழைநீர் நாட்கணக்கில் தங்குவதால், ஜன்னல் ஓரமே அதற்கு மிகவும் உகந்த ஸ்தலம். மேலே சாயம் பூசுவது, திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே இம்முறை ஒழுங்காகச் செய்தோம். மழையற்ற நாளாகப் பார்த்து, அவ்விடத்தைக் கழுவி நன்றாக உலர்த்தினோம். ரப்பரின் உதட்டை ஒரு மரக் குச்சியால் மெதுவாகத் தூக்கி, துரு எவ்வளவு தூரம் சென்றிருக்கிறதென்று பார்த்தோம். உப்புத்தாள் பட்டால் கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும். ஆதலால் கண்ணாடிமேலும் ரப்பர்மேலும் ஒட்டு நாடா ஒட்டினோம். பிறகு முகமூடி அணிந்து, 80-ஆம் எண் உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்தோம். வர்ணத்தின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்படாதபடி 320-ஆம் எண் தாளால் சரிவாக்கினோம். நுண்ணிய குழிகளில் எஞ்சிய துருவுக்கு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மாற்றியை, கையுறை அணிந்து, புட்டியில் கண்டபடி இட்டோம்.

அது உலர்ந்ததும் தாமதமின்றிப் பிரைமர் பூச வேண்டும். வெறும் இரும்பை ஓரிரவு விட்டாலும் கடற்காற்று தன் வேலையைத் தொடங்கிவிடும். குழி தெரிந்தால் பட்டி வைத்துச் சமன்செய்யலாம். அதன்மேல் வண்டியின் நிறத்திற்கேற்ற வர்ணத்தை, ஒவ்வொரு பூச்சும் உலர அவகாசம் கொடுத்து, மெல்லிய பூச்சுகளாக இட வேண்டும். ஒரே பூச்சாகத் தடிமனாக அப்பினால் வழிந்து அவலட்சணமாகும்.

ஊசியால் குத்தினால் தகடு ஓட்டையாகுமானால், அல்லது துரு கண்ணாடிக்கு அடியில் நெடுந்தூரம் ஓடியிருக்குமானால், டிங்கர் வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே விவேகம். இக்காலப் புது வண்டிகளில் முன் கண்ணாடி பசையால் ஒட்டப்பட்டு, வண்டியின் உறுதிக்கே துணைநிற்கிறது. அதை நாமாகக் கழற்ற முற்படுவது ஆபத்து.

நமக்கு நல்ல காலம், தகடு ஓட்டையாகவில்லை. செலவு கொஞ்சமே, ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. சென்ற வருஷமே செய்திருந்தால் அரை மணி போதுமாயிருந்திருக்கும். நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலிக்கு விடாதே என்று பெரியோர் சொன்னது இதற்குத்தான் போலும். நேயர்களும் இன்று மாலை வாசலுக்குச் சென்று, தங்கள் வண்டியின் ஜன்னல் ஓரத்தை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்ளுகிறோம். நகச் சாயம் மட்டும் வேண்டாம்!