அது தனியா வராதுண்ணா

போன வாரம் வண்டியில் பெட்ரோல் ஒழுக ஆரம்பித்தது. டேங்குக்கு அடியில் இருக்கும் பெட்ரோல் காக்கில் சொட்டுச் சொட்டாக. விடிகாலை மூணு மணிக்குக் கீரைக்கட்டு ஏற்றிக்கொண்டு காட்டுப்பாக்கத்திலிருந்து கோயம்பேடு போகிற வண்டி அது. விட்டுவைக்க முடியாது. திருப்புளி எடுத்து நானே கழற்றினேன். உள்ளே நாலு ஓட்டை போட்ட ஒரு ரப்பர் வில்லை, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிசு. வெடித்துப் போயிருந்தது. மற்றதெல்லாம் பளிச்சென்று நன்றாக இருக்கிறது.

வில்லையைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு பூந்தமல்லிப் பக்கம் போனேன். கம்பெனி ஸ்பேர்ஸ் கவுண்டரில் இருந்த பையன் நல்ல பையன்தான். கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அது தனியா வராதுண்ணா. காக் முழுசாதான் வரும்." விலை 300 ரூபாய்ச் சொச்சம்.

நகரத்து நண்பர்கள், 300 ரூபாய்தானே என்று கேட்பீர்கள். ஒரு கட்டுக் கீரைக்கு மார்க்கெட்டில் என் கைக்கு வருவது 5 ரூபாய். 60 கட்டுக் கீரை, ஒரு ரப்பர் வில்லைக்கு! சர்வீஸ் சென்டரில் விட்டிருக்கலாமே என்பீர்கள். அங்கேயும் அதே காக்கைத்தான் மாட்டுவார்கள். மேலே லேபர், அரை நாள் காத்திருப்பு.

விலையைவிட எனக்குக் கோபம் அந்த 'தனியா வராது' மேல்தான். ஒரு வில்லையை அச்சில் வார்ப்பது பெரிய வித்தையா? நம்ம அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே வண்டிக் கம்பெனிகளுக்கு ரப்பர் சாமானும் பிரஸ் சாமானும் அடித்துக் கொடுக்கிற பட்டறைகள் எத்தனை இருக்கின்றன! காக்கைச் செய்யும்போது வில்லை தனியாகத்தானே வந்து சேருகிறது? கம்பெனிக்குத் தனியாக வருகிற பொருள் எனக்கு மட்டும் ஏன் வரக்கூடாது?

இதிலே அரசாங்கத்தின் பங்கும் உண்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது மோட்டார் சைக்கிள் பாகங்களை 28 சதவீதத்தில் வைத்தார்கள். சொகுசுக் காரும் அதே அடுக்குதான், செஸ் மட்டும் தனி. எட்டு வருஷம் கழித்து, 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆக இறக்கினார்கள். சந்தோஷம். அதே நாளில் டிராக்டர் டயரும் டிராக்டரின் பல பாகங்களும் 18-லிருந்து 5-க்கு இறங்கின. டிராக்டர் இருந்தால்தான் விவசாயியா? அரை ஏக்கர்க் கீரைக்காரனுக்கு டிராக்டரும் லாரியும் இந்த இரண்டு சக்கரம்தான்.

கார்க்காரர்களுக்காவது ஒரு நியாயம் கேட்கப்பட்டது. உதிரி பாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்க விடாமல் செய்ததாக 14 கார் கம்பெனிகளுக்கு 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது மேல்முறையீட்டுக்குப் போனது வேறு கதை. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை' என்று ஒரு இணையதளமே திறந்தது. வாகனம், விவசாயக் கருவி எல்லாம் அதில் சேர்த்தி. உரிமை இருக்கிறது சார், வில்லைதான் இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் ஒரிஜினல் பாகம் வாங்கச் சொல்கிறோம் என்பது கம்பெனிகளின் பதில். பிரேக் விஷயத்தில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் 10 ரூபாய்ப் பொருளைத் தராமல் 300 ரூபாய்க்கு நிற்பவர்கள்தானே வாடிக்கையாளனைப் பேர் இல்லாத பாக்கெட்டின் பக்கம் தள்ளுகிறார்கள்? அங்கே வில்லைக்குப் பக்கத்துக் கொக்கியில் பாதி விலைக்குப் பிரேக் ஷூவும் தொங்குகிறது. ஒன்றுக்குப் பழகிய கை அடுத்ததுக்கும் நீளும். வில்லை, வாஷர், ஓ-ரிங் எல்லாவற்றுக்கும் தனி எண், தனி விலை போட்டுக் கவுண்டரில் வையுங்கள். காசு கொடுக்க நான் தயார்.

பழைய டியூபை வெட்டிப் போட்டுப் பார்க்கவில்லையா என்று கேட்காதீர்கள். அந்த ரப்பர் பெட்ரோலில் ஊறிப் பருத்துவிடும். பத்து வருஷத்துக்கு முன்னாலேயே பட்டுத் தெரிந்துகொண்டேன். கடைசியில் மெயின் ரோட்டுச் சின்னக் கடை ஒன்றில் பேர், எண், விலை எதுவுமே அச்சடிக்காத பாக்கெட்டில் 10 ரூபாய்க்கு ஒரு வில்லை கிடைத்தது. மாட்டிவிட்டேன். இப்போதைக்கு ஒழுகவில்லை. ஆனாலும் தினமும் மூணு மணிக்குக் கிளம்புமுன் டேங்குக்கு அடியில் கையை விட்டுத் தடவி, விரலை மோந்து பார்த்துவிட்டுத்தான் கிக்கரை உதைக்கிறேன்.