வயசானா வாந்தி எடுக்கணும்னு சட்டமா?

"பூனைன்னா வாந்தி எடுக்கத்தானே செய்யும்!" பூனை வளர்க்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கிற வசனம் இது. பூனைக்குப் பத்து வயது தாண்டிவிட்டால் கூடவே இன்னொன்றும் வரும். "பாவம், வயசாயிடுச்சு." இந்த இரண்டு வசனங்களும் சேர்ந்து எத்தனை பூனைகளை மெல்ல மெல்லக் கொன்றிருக்கின்றன என்று யாரும் யோசிப்பதில்லை.

வயது ஒரு நோய் அல்ல, ஐயா. எப்போதாவது ஒரு முடி உருண்டையைக் கக்குவது வேறு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வாந்தி, நடுநடுவே பேதி, தட்டைக் காலி செய்தும் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது என்றால் அது வேறு. நாள்பட்ட குடல் அழற்சியில் எதிர்ப்புச்சக்தி அணுக்கள் குடல் சுவரில் போய்க் குவிகின்றன. சுவர் தடித்துப் போகிறது, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை.

2013-ல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. நாள்பட்ட வாந்தி, பேதி, எடைக் குறைவு என்று வந்து, ஸ்கேனில் சிறுகுடல் தடித்துத் தெரிந்த 100 பூனைகளுக்குக் குடல் சதையை எடுத்துப் பரிசோதித்தார்கள். 99 பூனைகளுக்கு நோய் உறுதியானது. 49-க்கு நாள்பட்ட அழற்சி. 46-க்கு லிம்போமா, அதாவது புற்றுநோய். "பூனைன்னா அப்படித்தான்" என்பவர்கள் இந்தக் கணக்கை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்?

அடுத்த கூத்து, ஊசி. மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், ரத்தம், மலம் எதையும் பார்க்காமல் ஒரு ஸ்டீராய்டு ஊசி. பூனை மூன்று வாரம் குட்டி மாதிரி தின்னும். எல்லோருக்கும் சந்தோஷம். ஸ்டீராய்டு இந்த நோய்க்கு உண்மையான மருந்துதான், அதில் சண்டையில்லை. சண்டை வரிசையைப் பற்றி. வயதான பூனைக்குத் தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை, கணையம் என்று பார்க்க ஆயிரம் இருக்கிறது. சர்க்கரை இருக்கிற பூனைக்கு ஸ்டீராய்டு போட்டால் நிலைமை மோசமாகும். சதைப் பரிசோதனைக்கு முன்பே ஸ்டீராய்டு போனால் லிம்போமா மறைந்துகொள்ளவும் கூடும். மயக்க மருந்தைத் தாங்காது, அல்லது கையில் பணமில்லை, அதனால் பரிசோதனை இல்லாமலே தொடங்குகிறோம் என்றால் அது தெரிந்து எடுத்த முடிவு, குறை சொல்ல முடியாது. தெரியாமல் குத்துவதைத்தான் சொல்கிறோம். புற்றுநோய் என்றே வந்தாலும் உலகம் முடிந்துவிடாது. மெதுவாக வளரும் வகைக்கு ப்ரெட்னிசொலோனும் குளோராம்புசிலும் கொடுத்து இரண்டு வருடம், அதற்கு மேலும் ஓட்டுகிற பூனைகள் நிறைய.

சாப்பாட்டுக்கு வருவோம். பூனை முழு மாமிச பட்சிணி. அதற்குத் தயிர்சாதம் பிசைந்து வைப்பது நம் பாசம், அதன் வயிற்றுக்கு அது வேலையே இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. குடல் அழற்சிக்கு முதல் வைத்தியமே உணவுச் சோதனைதான். இதுவரை தின்றே இராத இறைச்சி, அல்லது புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு, இரண்டில் ஒன்று. அது மட்டும்தான், வேறு எதுவும் கூடாது. ஒத்துக்கொள்ளும் பூனைகளில் பெரும்பாலானவை இரண்டு வாரத்திலேயே தேற ஆரம்பிக்கும். ஆனால் பாட்டி பரிதாபப்பட்டு ஒரு துண்டு கருவாடு போட்டால் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். (பாட்டியைச் சமாளிப்பதுதான் இந்த வைத்தியத்திலேயே கஷ்டமான பகுதி.) வெறும் வேகவைத்த கறியை மாதக்கணக்கில் கொடுப்பதும் தப்பு. சுண்ணாம்புச் சத்து போதாது, டாரினும் குறைந்துபோகும்.

பி12 ஊசி பற்றி யாரும் கேட்பதே இல்லை. நோயுற்ற குடலால் அந்த வைட்டமினை உறிஞ்ச முடியாது. அது குறைந்தால் மற்ற மருந்தும் சரியாக வேலை செய்யாது. வாரம் ஒன்றாக ஆறு வாரம் போடுவது வழக்கம். விலையும் அதிகமில்லை.

"வயிறு ஆறட்டும், ரெண்டு நாள் பட்டினி போடு" என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். நாள் கணக்கில் தின்னாத பூனையின் ஈரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே உலை வைக்கும். வீட்டில் கிடக்கும் பாராசிட்டமால் பக்கம் போகவே வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

மாதம் ஒரு தடவை பூனையை ஒரு கூடையில் வைத்து, பக்கத்து மளிகைக் கடை டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள். கூடையின் எடையைக் கழித்துக் காலண்டரில் எழுதுங்கள். 4 கிலோ பூனை 400 கிராம் இளைப்பது 60 கிலோ ஆள் 6 கிலோ இளைப்பதற்குச் சமம். டாக்டரிடம் போகும்போது அந்தக் காலண்டரையும் எடுத்துப் போங்கள்.