சுற்று வழியே சுருக்க வழி

எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் பூகோள உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர். 2016-ம் வருஷக் கடைசியில் ஒரு நாள், கையில் பூகோள உருண்டையும் நூல்கண்டுமாக வந்து சேர்ந்தார். ஸான்பிரான்ஸிஸ்கோவில் அவருடைய பெண்ணுக்குப் பிரசவ காலம். துணைக்கு அவருடைய சம்சாரம் டில்லியில் விமானம் ஏற வேண்டும். அந்த அம்மாளுக்கோ முழங்கால் வலி. அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்தால், எழுந்திருப்பது பிரம்மப் பிரயத்தனம்.

"இந்தக் கணக்கு எனக்கு விளங்கவில்லை, ஸார்! உருண்டையின்மேல் நேராக நூல் பிடித்தால் சுமார் 12,400 கிலோமீட்டர். அட்லாண்டிக் வழியாக விமானம் போகிற பாதை 13,900. ஆனால் இந்த அக்டோபரிலிருந்து ஏர் இந்தியா விமானம் சீனா, ஜப்பான், பஸிபிக் சமுத்திரம் என்று கிழக்கே போகிறதாம், 15,300 கிலோமீட்டர்! தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவானேன்?" என்றார்.

நியாயமான கேள்விதான். ஆனால் ஆகாயத்தில் தூரம் வேறு, நேரம் வேறு. அட்லாண்டிக் பாதையைவிட 1,400 கிலோமீட்டர் அதிகமான இந்தச் சுற்று வழியை விமானம் பதினான்கரை மணி நேரத்தில் கடந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் லாபம்! வகுத்துப் பார்த்தால், மணிக்குச் சராசரி 1,055 கிலோமீட்டர் வருகிறது. விமானத்தின் சொந்த வேகமோ சுமார் 900தான். மிச்சத்தைக் கொடுத்தது யார்?

பூமியின் சுழற்சி என்று சிலர் நினைக்கலாம். அது சரியல்ல, பூமியோடு காற்று மண்டலமும் கூடவே சுழல்கிறது. உண்மையில் உதவி செய்தது காற்று. பூமத்திய ரேகைப் பக்கத்து உஷ்ணத்துக்கும் துருவத்துக் குளிருக்கும் உள்ள வேற்றுமையாலும், பூமியின் சுழற்சியாலும், சுமார் பத்துக் கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றாறு ஓடுகிறது. ஆற்றோடு போகிற ஓடத்துக்கும், எதிர்த்துப் போகிற ஓடத்துக்கும் உள்ள வித்தியாசந்தான் இங்கேயும்.

இந்தக் காற்றை 1920-களிலேயே பலூன் விட்டு அளந்தவர் ஓயிஷி என்ற ஜப்பானியர். உலகமெல்லாம் படிக்கட்டும் என்று, 1926-ல் எஸ்பெராண்டோ என்ற பொதுப் பாஷையில் அதை எழுதி வெளியிட்டார். பாவம், படித்தவர்கள் மிகச் சிலரே! 1944-ல் ஜப்பான்மீது பறந்த அமெரிக்க யுத்த விமானங்கள் அந்தக் காற்றில் அகப்பட்டுத் திண்டாடிய பிறகே, அதன் பலம் பலருக்கும் தெரிந்தது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. குளிர்காலத்தில் டில்லிக் கடிகாரம் ஸான்பிரான்ஸிஸ்கோ கடிகாரத்துக்குப் பதின்மூன்றரை மணி நேரம் முந்தியது. ஆகவே, டில்லியில் விடியற்காலை நாலு மணிக்குப் புறப்பட்டால், அங்கே அதே தேதி காலை ஐந்து மணிக்கு இறங்கலாம். கடிகாரப்படி ஒரே மணி நேரப் பிரயாணம்! ஆனால் முழங்காலுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதே! அதற்குப் பதினான்கரை மணி என்பது பதினான்கரை மணியேதான். அதனால்தான் அந்த இரண்டு மணி நேர லாபம் பெரிய லாபம்.

பெரியவர் நூலைச் சுற்றி வைத்துக்கொண்டு திருப்தியுடன் எழுந்து போனார்.

அந்த அம்மாள் சுகமாய்ப் போய்ச் சேர்ந்தார், பேரனும் பிறந்தான். ஐந்து மாதம் கழித்துத் திரும்பி வந்தவரிடம் பிரயாணம் எப்படியென்று விசாரித்தேன். "போகும்போது தெரியவில்லை. வரும்போது வழி முடியவே இல்லை, போங்கள்!" என்றார். மேற்கு நோக்கி வந்தால் காற்று எதிர்ப்பது வாஸ்தவந்தான். ஆனால் அது மட்டுமே காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.