சுவர் எழுப்பும் முன் யாரைக் கேட்பது?



நமது மலை ரயிலைப் பற்றிப் பேசினால் நம் எல்லோருக்குமே ஒரு பெருமிதம் வந்துவிடும். 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள் என்று பள்ளிப் பிள்ளைகள்கூட மனப்பாடமாகச் சொல்வார்கள். 1899 இல் குன்னூருக்கும் 1908 இல் உதகைக்கும் வந்து சேர்ந்த இந்த ரயிலை, 2005 இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொள்வது அந்தப் பெருமையை அல்ல. அதே பாதையின் ஓரத்தில் கட்டப்பட்டு, பிறகு இடிக்கப்பட்ட ஒரு சுவரை.

2022 ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஒரு சிறு காணொளி நாடெங்கும் பரவியது. குன்னூருக்குக் கீழே ஹில்குரோவ் பகுதியில், குட்டியுடன் வந்த யானைக்கூட்டம் ஒன்று தண்டவாளத்தைக் கடந்து மேலே ஏறப் பார்க்கிறது. எதிரே புதிதாக எழுப்பப்பட்ட தடுப்புச் சுவர். ஏற வழியில்லாமல் அவை தண்டவாளத்திலேயே தவிக்கின்றன. அப்போது தமிழக அரசின் சுற்றுச்சூழல், வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாஹு அந்தக் காட்சியைப் பொதுவெளியில் பகிர்ந்தார். முன்பு நமது மாவட்ட ஆட்சியராக இருந்து பிளாஸ்டிக் ஒழிப்பைத் தொடங்கி வைத்த அதே அதிகாரிதான். எதிர்ப்பு எழுந்தது, ரயில்வே சுவரை இடித்து வழிவிட்டது. மக்கள் பணத்தில் கட்டிய சுவர், மக்கள் பணத்திலேயே இடிக்கப்பட்டது.

பொறியாளர்களைக் குறை சொல்வது எளிது. ஆனால் அவர்கள் பக்கத்து நியாயத்தையும் பார்க்க வேண்டும். மேட்டுப்பாளையத்திற்கும் குன்னூருக்கும் இடையே வடகிழக்குப் பருவமழையில் மண் சரிவதும் பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுவதும், அதனால் ரயில் நிறுத்தப்படுவதும் நாம் ஆண்டுதோறும் காண்பவை. 2009 நவம்பரில் பெய்த பெருமழையில் இம்மாவட்டத்தில் 40க்கும் மேற்பட்டோர் மண்ணுக்குள் புதைந்து போனதை நாம் மறந்துவிடவில்லை. கல்லாறு முதல் குன்னூர் வரை, ஏறத்தாழ 12 அடிக்கு ஓர் அடி என்ற செங்குத்தில், பற்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு ஏறுகிற ரயிலுக்குச் சரிவைத் தாங்கும் சுவர் தேவைதான். பயணிகளின் உயிரைக் காப்பது ரயில்வேயின் முதல் கடமை. ஆக, நோக்கத்தில் தவறு இல்லை. அப்படியானால் தவறு எங்கே நடந்தது?

இதற்கு விடை தேட, சட்டம் ரயில்வேக்குக் கொடுத்திருக்கும் அதிகாரத்தைப் பார்க்க வேண்டும். 1989 ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தில் 11 ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. நடைமுறையிலுள்ள வேறு எந்தச் சட்டத்தில் என்ன சொல்லியிருந்தாலும், ரயில்வே நிர்வாகம் நிலங்கள், குன்றுகள், பள்ளத்தாக்குகள், சாலைகள், ஓடைகள் ஆகியவற்றின் மேலோ கீழோ குறுக்கிலோ, பாலம், சுரங்கம், கரை, வடிகால், வேலி போன்றவற்றை அமைக்கலாம் என்கிறது அது. இந்தச் சட்டத்தின் மற்றப் பிரிவுகளும் நிலம் கையகப்படுத்தும் சட்டமும்தான் அதற்கு முக்கியமான வரம்புகள். தேவைப்பட்டால் ஓடையின் போக்கைக்கூட மாற்றலாம். இவ்வளவு அகலமான அதிகாரம் ஒரு காரணத்தோடுதான் தரப்பட்டது. ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொருவரிடமும் அனுமதி பெற்றுத்தான் தண்டவாளம் போட வேண்டுமென்றால் ரயில் எங்கும் போய்ச் சேராது.

இதனால் பாதிக்கப்படுகிறவருக்கு என்ன வழி? 15 ஆவது பிரிவின்படி, இழப்பீடு கேட்டு அவர் வழக்குத் தொடர முடியாது. ரயில்வே உரிய தொகையைக் கொடுக்க வேண்டும். தொகை போதாது என்று தகராறு வந்தால் மாவட்ட நீதிபதி தீர்மானிப்பார், அவருடைய முடிவே இறுதியானது. 16 ஆவது பிரிவு, பாதையை ஒட்டிய நிலத்தின் உரிமையாளருக்கும் அனுபவிப்பவருக்கும் கடவை, சிறுபாலம் போன்ற வசதிகளைச் செய்து தரச் சொல்கிறது. ஆனால் ரயில் ஓடத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் கடந்துவிட்டால், கூடுதல் வசதிக்கான செலவை ரயில்வேயின் தலையில் கட்ட முடியாது. குன்னூர்ப் பாதைக்கு அந்தப் பத்து ஆண்டுகள் 1909 இலேயே முடிந்துவிட்டன!

இந்தப் பிரிவுகளைக் கவனித்துப் பாருங்கள். எல்லாம் நிலம் உள்ளவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. பட்டா வைத்திருப்பவர் கடிதம் எழுதலாம், அலுவலகம் போகலாம், இழப்பீடு வாங்கலாம். எஸ்டேட் லைன் வீட்டில் மூன்று தலைமுறையாகக் குடியிருந்தும் ஒரு சென்ட் நிலம்கூடத் தன் பெயரில் இல்லாத தொழிலாளி, தான் நடந்துபோகும் ஒற்றையடிப்பாதை அடைபட்டால் எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? யானையின் நிலையோ இன்னும் மோசம். கோடையில் பலாப்பழம் பழுக்கும்போது பர்லியாறு, கல்லாறு பக்கமிருந்து அது ஏறி வருகிற தடம் ரயிலை விடப் பழையது. ஆனால் அந்தத் தடத்திற்குச் சர்வே எண் கிடையாது.

“யானைக்காக இத்தனை பேசுகிறீர்களே, யானையிடம் சிக்கி உயிர்விடும் எங்கள் மக்களுக்காக யார் பேசுவது?” என்று கூடலூர், பந்தலூர் பகுதி வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. பச்சை எடுக்கப் போன தாய் திரும்பி வராத வீடுகள் அங்கே உண்டு. ஆனால் சுவரில் முட்டித் திரும்பிய யானைக்கூட்டம் எங்கே போகும் என்பதையும் சேர்த்துக் கேட்போம். அது காற்றில் கரைந்துவிடாது. சாலையில் இறங்கும், இல்லையென்றால் தேயிலைத் தோட்டத்திற்குள் வந்து லைன் வீடுகளின் பக்கம் ஒதுங்கும். தண்டவாளத்தில் மறித்த வழியின் விலையை, இரவில் வெளியே வரும் ஒரு தொழிலாளி கொடுக்க நேரிடலாம்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015 இல் வெளியிட்ட ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் இதை ஏறக்குறைய நேரடியாகவே தொடுகிறார். சாலைகளும் வேலிகளும் விலங்குகளின் இடப்பெயர்ச்சியைத் தடுப்பதை 35 ஆவது பத்தியில் சுட்டிக்காட்டி, அவற்றுக்கு வழித்தடங்கள் விடும் தீர்வையும் குறிப்பிடுகிறார். 183 ஆவது பத்தி இன்னும் முக்கியமானது. சுற்றுச்சூழல் பாதிப்பு பற்றிய ஆய்வு, திட்டம் முடிவான பிறகு செய்யும் சடங்காக இருக்கக் கூடாது, தொடக்கத்திலிருந்தே அதன் பகுதியாக இருக்க வேண்டும் என்கிறார். அந்த உரையாடலில் உள்ளூர் மக்களுக்குத் தனி இடம் தரச் சொல்கிறார். ஹில்குரோவில் தவறியது இந்த வரிசைதான். சுவரைக் கட்டிய பிறகுதான் யானை கண்ணில் பட்டது.

இத்தனைக்கும் யானைத் தடம் என்பது ரயில்வே அறியாத செய்தி அல்ல. அந்தச் சுவர் பிரச்சினைக்கு நான்கு மாதம் முன்னால்தான், 2021 நவம்பரில், கோவை மதுக்கரை அருகே மங்களூர் - சென்னை ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதே தெற்கு ரயில்வே பின்னர் அந்தப் பாதையில் யானைகள் கடப்பதற்கென்று தண்டவாளத்துக்கு அடியில் சுரங்க வழிகளைக் கட்டிக்கொடுத்தது. 2024 பிப்ரவரியில் வனத்துறை அங்கே செயற்கை நுண்ணறிவுக் கேமராக்களை நிறுவியது. யானை நெருங்கினால் ரயில்வேக்குத் தகவல் போகிறது, ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். பணம், தொழில்நுட்பம், பொறியியல் எல்லாம் கைவசம் இருக்கின்றன. மலைப்பாதையில் சுவருக்கு வரைபடம் போடும் நாளில், வனக்காவலர் ஒருவரையும் பக்கத்து எஸ்டேட்டின் வயதான தொழிலாளி ஒருவரையும் கூட்டிக்கொண்டு அரை நாள் நடந்திருந்தால், எந்த இடத்தில் இடைவெளி விட வேண்டும் என்று அவர்களே காட்டியிருப்பார்கள். அதற்குச் சட்டத்திருத்தம் ஒன்றும் வேண்டாம். 11 ஆவது பிரிவு ‘அமைக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. யாரையும் கேட்காமல் அமைக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் மண் சரியத்தான் போகிறது. ரயில்வேயும் நெடுஞ்சாலைத் துறையும் மழை ஓய்ந்ததும் மறுபடி சுவர் எழுப்பத்தான் போகின்றன. ஆகவே பாதையோரப் பங்குகளில் உள்ள அன்பியக் குழுக்கள், அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று கேள்விகளைக் கையில் எடுத்துப் போகட்டும். புதிதாகக் கட்டப்போகும் சுவரின் நீளம் எவ்வளவு? மழைநீர் எந்தப் பக்கம் திருப்பிவிடப்படும், அதற்குக் கீழே எத்தனை வீடுகள் இருக்கின்றன? ஆளும் விலங்கும் கடந்துபோக எங்கே இடம் விட்டிருக்கிறார்கள்? பதிலை வாங்கித் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள், வேலை தொடங்குவதற்கு முன்பே.