மூன்று கிலோமீட்டர் எங்கிருந்து வரும்?

பதிவு கொஞ்சம் நீளம். வண்டி வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்கவும். இல்லாதவர்கள், வண்டி வைத்திருக்கும் தம்பியையோ மாப்பிள்ளையையோ படிக்க வைக்கவும்.

ஒரு வாரமாக நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே வீடியோ சுற்றுகிறது. டீசல் பிக்கப் வண்டியின் கம்ப்யூட்டரில் சாஃப்ட்வேரை மாற்றினால், அதாவது "ரீமேப்" செய்தால், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 15 கொடுக்குமாம். கூலி 18,000 ரூபாய். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் தக்காளி லோடு அடிக்கும் என் மாணவர்கள் இரண்டு பேர் "செய்துவிடலாம் டீச்சர்" என்று எழுதியிருந்தார்கள். நான் "வேண்டாம்" என்று ஒரு வார்த்தை போட்டேன். அதற்கு என் அக்கா மகன் போட்ட பதில்: "பெரிய டீச்சரம்மா, இது ஏழாம் வகுப்புப் பாடம் இல்லை."

ஏழாம் வகுப்புப் பாடமே போதும் தம்பி. என்னிடம் இருப்பது ஆசிரியர் பயிற்சிப் பட்டயம்தான், இன்ஜினியரிங் பட்டம் இல்லை. ஆனால் உன் சித்தப்பா முப்பது வருடம் அரசு பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவர். எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சே நாசில், பம்ப், கே.எம்.பி.எல்.தான்.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. வண்டி தயாரிக்கும் கம்பெனிகள் எல்லாம் மைலேஜைச் சொல்லித்தான் விற்கின்றன. அரை கிலோமீட்டர் கூடுதலாகக் காட்டினாலே பக்கத்துக் கம்பெனியின் வாடிக்கையாளரை இழுத்துவிடலாம். நூற்றுக்கணக்கான இன்ஜினியர்களும் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய சோதனைக் கூடங்களும் கண்டுபிடிக்காமல் விட்ட 25 சதவீதத்தை, ஒரு லேப்டாப்பும் ஒரு கேபிளும் வைத்திருப்பவர் முக்கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுக்கிறார் என்றால், அவர் ஏன் இன்னும் பைபாஸ் ஓரம் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறார்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். டியூனிங் செய்தால் வண்டி இழுக்கும். அது உண்மை, ஓட்டிப் பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை. டீசல் இன்ஜினில் இழுவை டீசலிலிருந்துதான் வருகிறது. இன்ஜெக்டர் கூடுதலாகத் தெளித்தால் சக்தி கூடும். கூடுதலாகத் தெளித்துவிட்டு டீசல் மிச்சம் என்பது, இரண்டு தோசை கூடுதலாகத் தின்றுவிட்டு மாவு மிஞ்சியது என்பது போல. அதற்கும் மேலே போய் காற்று போதாத அளவுக்குத் தெளித்தால் கறுப்புப் புகை வரும். அந்தப் புகை, நீங்கள் காசு கொடுத்து வாங்கி, சரியாக எரியாமல் வெளியே போகும் டீசல்.

"அப்படியென்றால் மீட்டரில் மைலேஜ் கூடியதாகக் காட்டுகிறதே டீச்சர்?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், பலரும் ஏமாறுவது இங்கேதான்.

காமன் ரெயில் இன்ஜினில் ஒரு குழாயில் டீசல் பெரும் அழுத்தத்தில் நிற்கிறது. எவ்வளவு அழுத்தம் என்பதை ஒரு சென்சார் கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. அழுத்தத்தையும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தையும் வைத்து, எவ்வளவு டீசல் போயிற்று என்று கம்ப்யூட்டர் கணக்குப் போடுகிறது. டேஷ்போர்டில் தெரியும் மைலேஜ் அந்தக் கணக்கிலிருந்து வருவது. டேங்கை யாரும் அளந்து பார்ப்பதில்லை. இப்போது சந்தையில் விற்கும் பல டியூனிங் பெட்டிகள் என்ன செய்கின்றன? அந்தச் சென்சார் வயரின் நடுவில் உட்கார்ந்துகொண்டு, அழுத்தம் குறைவாக இருப்பதாகப் பொய் சொல்கின்றன. கம்ப்யூட்டர் அதை நம்பி அழுத்தத்தை ஏற்றுகிறது. இன்ஜெக்டர் அதே நேரம்தான் திறக்கிறது, ஆனால் கூடுதல் டீசல் பாய்கிறது. கம்ப்யூட்டரோ பழைய அளவையே கணக்கில் எழுதுகிறது. இழுவை கூடியதால் நீங்கள் ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் குறைவாக மிதிப்பீர்கள். மீட்டரில் 14 என்று வரும். பங்க் ரசீதில் 12தான் இருக்கும். தராசின் அடியில் புளியை ஒட்டிவிட்டு "எடை பாருங்கள் அம்மா" என்று காட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பெட்டி வைக்காமல் சாஃப்ட்வேரையே மாற்றினாலும், இன்ஜெக்டர் கணக்கைத் தொட்டால் மீட்டரை நம்ப முடியாது.

சரி, ரசீதிலேயே கூடியது என்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது, டியூனிங் செய்த அன்றைக்கு வேறென்ன செய்தீர்கள் என்பது. ஏர் ஃபில்டர் மாற்றினார்கள், டீசல் ஃபில்டர் மாற்றினார்கள், டயருக்குக் காற்று பார்த்தார்கள், ஆயில் மாற்றினார்கள். பிறகு வண்டி கொஞ்சம் மிச்சம் காட்டினால் பெருமை மட்டும் சாஃப்ட்வேருக்கு! காய்ச்சலுக்குக் கஞ்சியும் மாத்திரையும் ஓய்வும் கொடுத்துவிட்டு, மந்திரித்த கயிற்றால் குணமாயிற்று என்று சொல்லும் கதை. அதோடு, 18,000 கொடுத்தவர் அடுத்த பத்து நாள் மைலேஜ் பார்ப்பதற்காகவே மெதுவாக ஓட்டுவார். டிப்போவில் ஒவ்வொரு டிரைவரின் கே.எம்.பி.எல்.லையும் எழுதி வைப்பார்கள். அதே பஸ், அதே ரூட், ஆள் மாறினால் எண் மாறும். என் வீட்டுக்காரர் அதைச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றார்.

சோதித்துப் பார்க்கிறேன் என்பவர்களுக்கு: ஒரு டேங்க் போதாது. "ஆட்டோ கட்" ஆகும் வரை நிரப்பினாலும், வண்டி நிற்கும் சரிவையும் நுரையையும் பொறுத்து ஒன்றரை லிட்டர் முன்பின் ஆகும். 40 லிட்டர் நிரப்பும் இடத்தில் ஒன்றரை லிட்டர் என்பதே ஏறக்குறைய 4 சதவீதம். அதனால் டியூனிங்குக்கு முன் ஆறு டேங்க், பின் ஆறு டேங்க். ஒரே பங்க், ஒரே டிரைவர், ஒரே ரூட், ஏறக்குறைய ஒரே லோடு. கிலோமீட்டர் மொத்தத்தை லிட்டர் மொத்தத்தால் வகுக்க வேண்டும். ஃபில்டரும் டயரும் சோதனை தொடங்கும் முன்பே சரி செய்யப்பட்டிருக்க வேண்டும். இப்படிச் செய்து எடுத்த கணக்கை எந்த டியூனிங் கடைக்காரராவது ஒரு வீடியோவிலாவது காட்டியிருக்கிறாரா?

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, எரிபொருளை மிச்சப்படுத்தும் என்று விற்கப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்தது. மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டிய கருவி ஒன்றையும் காணவில்லை. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. 1996-இல் மூலிகை பெட்ரோல் என்று நாடே தலையில் தூக்கி வைத்து ஆடியது. 2016-இல் சென்னை நீதிமன்றம் மோசடி என்று தண்டனை கொடுத்தது. அப்போது ஆடியவர்களில் படித்தவர்கள்தான் அதிகம்.

நியாயமாகப் பேச வேண்டும் என்பதால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். டீசலைக் கொஞ்சம் முன்கூட்டியே தெளிக்கும்படி மாற்றினால் சில சதவீதம் மிச்சமாகலாம். கம்பெனிக்காரனுக்கு இது தெரியும். தெரிந்தும் ஏன் விட்டுவைத்தான்? அப்படித் தெளித்தால் சிலிண்டரில் சூடு ஏறி நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சுவாயு கூடும். 2020 ஏப்ரல் முதல் நாட்டில் இருக்கும் பி.எஸ்.6 விதி அதை அனுமதிக்காது. ஃபோக்ஸ்வேகன் மாட்டியது இப்படி ஒரு விஷயத்தில்தான். சோதனையில் மட்டும் சுத்தமாக ஓடி, சாலையில் நைட்ரஜன் ஆக்சைடை அனுமதித்ததைப் போல 40 மடங்கு வரை கக்கும் சாஃப்ட்வேர் 2015 செப்டம்பரில் அமெரிக்காவில் பிடிபட்டது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகள். அவ்வளவு பெரிய கம்பெனி ஒளித்து வைத்துச் செய்ததை, நம் ஊரில் போர்டு வைத்துச் செய்கிறார்கள்.

புகை வடிகட்டியைக் கழற்றிவிட்டு, ஈ.ஜி.ஆர்.-ஐ அடைத்துவிட்டு "ஃப்ரீயாக ஓடுகிறது" என்பவர்களும் உண்டு. ஓடும்தான். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. காலை ஒன்பது மணிக்கு உன் வண்டி போகும் ரோட்டில்தான் உன் பிள்ளை சைக்கிளில் பள்ளிக்குப் போகிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி அனுமதியில்லாமல் உதிரிப்பாகம் பொருத்தி வண்டியை மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை என்றும் இருக்கிறது. பிடிக்கிறார்களா இல்லையா என்பது வேறு கதை.

இனி பணக் கணக்கு. மாதம் 2,500 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 12 என்றால் 208 லிட்டர். டீசல் 92 ரூபாய் என்று வையுங்கள். விளம்பரம் சொல்வது போல 15 கொடுத்தால் மாதம் 3,800 ரூபாய் மிச்சம், ஐந்து மாதத்தில் போட்ட காசு வந்துவிடும். அதனால்தான் ஆசை வருகிறது. உண்மையில் 3 சதவீதம் மிச்சமானால் மாதம் 580 ரூபாய்கூட இல்லை. 18,000 திரும்பி வர 32 மாதம். அதற்குள் ஒரு கிளட்ச் பிளேட் போனாலோ, ஒரு இன்ஜெக்டர் கசிந்தாலோ கணக்கு தலைகீழ். சென்ற வருடம் என் மாணவர் ஒருவருக்கு டர்போ போயிற்று. வாரண்டி கேட்டுப் போனால், கம்ப்யூட்டரில் கை வைத்திருக்கிறீர்கள் என்று ஒரே வார்த்தையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இ.எம்.ஐ. நிற்கவில்லை. மனைவியின் தோடு அடகுக்குப் போயிற்று. செய்துகொடுத்தவர் போனை எடுப்பதில்லை. பெயர் சொல்ல மாட்டேன், படித்தால் அவருக்கே தெரியும்.

அப்படியென்றால் மிச்சம் எங்கே? வேகத்தில் இருக்கிறது. காற்று தடுக்கும் விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்று படித்திருக்கிறீர்கள். ஆறின் வர்க்கம் 36, எட்டின் வர்க்கம் 64. 60-இல் போனவர் 80-இல் போனால் காற்றின் எதிர்ப்பு முக்கால் பங்குக்கு மேல் கூடுகிறது. கட்டாமல் படபடக்கும் தார்ப்பாயும் அந்தக் கணக்கில் சேரும். டயர் காற்றை வாரம் ஒரு தடவை, வண்டி குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். லோடு ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு டீ குடிக்கக் கூடாது. ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றிவிட்டு இன்ஜின் சரியில்லை என்று சொல்வதும் வேண்டாம்.

இதற்கெல்லாம் மேலே ஒன்று. பாலக்காட்டுக்குத் தக்காளி கொண்டுபோய்விட்டு வெறும் வண்டியாகத் திரும்புகிறீர்களே, அந்த டீசலை எந்த சாஃப்ட்வேர் மிச்சப்படுத்தும்? மாதத்தில் நான்கு தடவை திரும்பும் லோடு கிடைத்தால் அது எந்த ரீமேப்பையும் விடப் பெரிய லாபம். டீசல் விலை எத்தனை தடவை ஏறினாலும் பழைய வாடகையையே கொடுக்கும் மண்டிக்காரரிடம் நீங்கள் தனித்தனியாகப் போய் நிற்கிறீர்கள், தனித்தனியாகத் தோற்று வருகிறீர்கள். அங்கே கேட்க முடியாத காசைத்தான் இன்ஜினிடம் கேட்கிறீர்கள். ஒரே ஸ்டாண்டில் முப்பது வண்டி நிற்கிறது, அதில் பத்துப் பேர் என் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள். வாடகைக்காக ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பேசியதுண்டா?

டியூனிங் செய்தே தீருவேன் என்பவர்கள், முதலில் ஆறு டேங்க் ரசீதைக் கிலோமீட்டரோடு எழுதி என் வாட்ஸ்அப்புக்கு அனுப்புங்கள். கணக்குப் போட்டுத் தருவது என் வேலை. ரசீது இல்லாமல் மீட்டர் போட்டோவை அனுப்புகிறவர்களுக்கு பதில் வராது.