கருணைக் கணக்கு

பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று கைதவறி விழுந்து உடைந்தது. தரையில் உருண்டோடிய வெள்ளி மணிகளைப் பேத்தி தொடப் போனாள், அதட்டி நிறுத்தினேன். ஒரு கிராம் பாதரசம் இருக்குமோ என்னவோ, அதற்கே அத்தனை பதற்றம். உடனே கொடைக்கானல் ஞாபகம்தான் வந்தது. கதை உங்களுக்குத் தெரிந்ததுதான்: அமெரிக்காவிலிருந்து 1980களில் மலையேறிய தெர்மாமீட்டர் ஆலை, 2001இல் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பிடிபட்ட அதன் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு, 2003இல் கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிய சுமார் 290 டன் பாதரசக் கழிவு. எனக்கு இன்னும் உறுத்துவது ஒரு சொல். 2016இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன், ஆலையை நடத்திய ஹிந்துஸ்தான் யூனிலீவர் உடன்பாடு செய்துகொண்டது. பதினைந்து வருஷம் அலைந்தவர்களுக்குப் பணம் கிடைத்தது, நல்லது. ஆனால் அது இழப்பீடு இல்லையாம். மனிதாபிமான அடிப்படையில் தருவதாம்! ஆலையால் யார் உடம்புக்கும் கேடில்லை என்பதுதான் அப்போதும் நிறுவனத்தின் நிலை. இழப்பீடு என்று எழுதினால் தப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும். மனிதாபிமானம் என்றால் கொடுத்தவர் வள்ளலாகிவிடுவார். சொல்லைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுகிறார்கள். மண்ணைச் சுத்தம் செய்வதிலும் அதே தராசுதான்: கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிச்சமிருந்தால் போதும் என்று கணக்கு, அதற்கும் குறைய வேண்டும் என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்கில் மல்லுக்கட்டினார்கள். ஆலைச் சுவரைத் தாண்டினால் சரிவில் பாம்பார் சோலை. கீழே கும்பக்கரை அருவியில் நாம் குளிப்பது பாம்பாற்றுத் தண்ணீரில்தான்.