ஜன்னல் டிக்கெட்

மெட்ராஸுக்கு டெலிவிஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15, வெள்ளிக்கிழமை. எமர்ஜென்ஸி அறிவித்து ஐம்பது நாள் சொச்சம். டெல்லிக்காரர்கள் 1959லிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பம்பாய்க்கு 1972. கல்கத்தா நம்மை ஆறே நாளில் முந்திக்கொண்டது. அதே ஆகஸ்டில்தான் 'அபூர்வ ராகங்கள்' ரிலீஸாகி, ரஜினிகாந்த் என்று ஒரு புதுமுகம் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு உள்ளே வந்தார். இந்த இரண்டில் எது நிற்கும் என்று அன்றைக்கு யாரும் பந்தயம் கட்டவில்லை. கட்டியிருந்தால் பெட்டி பக்கம்தான் கட்டியிருப்பார்கள்.

உண்மையில் நம் பேட்டைக்கு டி.வி. ஒன்றும் புதுசில்லை. 1950லேயே தேனாம்பேட்டையில் நடந்த ஒரு பொருட்காட்சியில் சிவகுமாரன் என்கிற இன்ஜினீயரிங் மாணவர் ஒரு கடிதத்தை ஸ்கேன் செய்து திரையில் தெரியவைத்துக் காட்டியிருக்கிறார். தேனாம்பேட்டை என்பது மயிலாப்பூருக்கும் தி.நகருக்கும் நடுவில். ஆகவே படம் அப்போதே ஆரம்பித்துவிட்டது ஸ்வாமி. நடுவில் இருபத்தைந்து வருஷத்துக்கு 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' கார்டு போட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

ஆபீஸில் என் பக்கத்து சீட் பையன் (மொபைலில் மூன்று சீரியலை ஒரே சமயத்தில் பார்க்கும் ரகம்) போன வாரம் கேட்டான்: "சார், ஒரே சானல், அதுவும் சாயந்திரம் மட்டும்னா, மீதி நேரம் என்ன பண்ணுவீங்க?" மீதி நேரமெல்லாம் அந்த சாயந்திரத்துக்காகத் தயாராவோம் தம்பி என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அவனுக்காக 1984ல் ஒரு வெள்ளிக்கிழமையைச் சொல்கிறேன்.

அப்போது நான் மயிலாப்பூரில், கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஆறு குடித்தனம் உள்ள ஒரு நீளமான வீட்டின் மொட்டை மாடி ரூமில் பிரம்மச்சாரி. முன் போர்ஷனில் வீட்டுக்கார மாமா. ரிடையரானபோது வந்த பணத்தில் ஒரு சாலிடேர் பிளாக் அண்ட் ஒயிட் வாங்கியிருந்தார். நாலு கால், மர ஷட்டர், ஷட்டருக்குப் பூட்டு, பூட்டின் சாவி பூணூலில். பீரோ சாவிகூட மாமியிடம்தான் இருந்தது. இது மட்டும் மாமாவிடம்.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கே அன்றைய டி.வி. விசேஷம் ஆரம்பித்துவிடும். பேப்பரில் 'இன்றைய நிகழ்ச்சிகள்' என்று ஒரு விரற்கடை அகலத்துக்குப் போட்டிருப்பான். அதை மாமா உரக்கப் படிப்பார். அப்புறம் ஆபீஸ். நாலரை மணிக்கே அண்ணா சாலை ஆபீஸ்களில் ஃபைல்கள் மூட ஆரம்பிக்கும். பெர்மிஷன் கேட்பவன் காரணம் சொல்ல வேண்டியதில்லை. "சார், இன்னிக்கு வெள்ளிக்கிழமை" என்றால் போதும். மேனேஜரே ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருப்பார். வீடு தூரமாக இருப்பவர்கள் பாண்டி பஜாரில் டி.வி. கடை ஷோகேஸ் வாசலில் ஒதுங்குவார்கள். அங்கே படம் மட்டும் தெரியும். சப்தம் கண்ணாடிக்கு உள்ளேயே நின்றுவிடும். அதையும் நின்று பார்த்தது ஒரு கூட்டம்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு ஒரு உத்தியோகம் காத்திருக்கும். ஆன்டெனா. மொட்டை மாடி ரூமுக்கு மாமா வாடகையில் பத்து ரூபாய் குறைத்திருந்ததற்கு இதுதான் காரணம்.

ஆன்டெனா என்கிற அந்த அலுமினிய மீன் முள்ளை 1926ல் கண்டுபிடித்தவர்கள் யாகி, உடா என்று இரண்டு ஜப்பான்காரர்கள். சின்னக் குழாய்கள் ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும், நீளக் குழாய் பின்பக்கம் இருக்க வேண்டும். ஸ்டேஷன் சேப்பாக்கத்தில், சுவாமி சிவானந்தா சாலையில், கூவம் ஓரத்தில். எனவே மயிலாப்பூர் ஆன்டெனாக்களும் அடையாறு ஆன்டெனாக்களும் வடக்கே பார்த்தன. தி.நகர் ஆன்டெனாக்கள் வடகிழக்கே. மாடியில் நின்று பார்த்தால் ஊரே ஒரே திசையில் கும்பிடுவது மாதிரி இருக்கும். காக்காய்கள் மட்டும்தான் எல்லாத் திசையிலும் உட்கார்ந்தன. ஒரு காக்காய் உட்கார்ந்தால் பத்து டிகிரி திரும்பிவிடும். கீழே நியூஸ் வாசிப்பவருக்கு இரண்டு மூக்கு வந்துவிடும்.

இந்த இரண்டாவது மூக்குக்கு 'கோஸ்ட்' என்று பெயர். அலை நேராக ஒரு தடவை வருகிறது, ஏதாவது உயரமான கட்டடத்தில் மோதித் திரும்பி இன்னொரு தடவை வருகிறது. முந்நூறு மீட்டர் சுற்றி வந்தால் ஒரு செகண்டில் பத்து லட்சத்தில் ஒரு பாகம் லேட். அந்த லேட்டே இருபது இஞ்ச் திரையில் கால் இஞ்சுக்கு மேல் தள்ளி விழும். மாமாவுக்கு எல்.ஐ.சி. கட்டடத்தின் மேல் சந்தேகம். "பதினாலு மாடி எதுக்குடா கட்டறான்? மனுஷா டி.வி. பாக்க வேண்டாமா?"

நான் மேலே கம்பத்தைத் திருப்ப, மாமா கீழே திரையைப் பார்க்க, நடுவில் மாடிப்படியில் இரண்டு பேர் அஞ்சல் ஊழியர்களாக நிற்பார்கள்.

"அம்பி, இன்னும் கொஞ்சம்!"

"எந்தப் பக்கம் மாமா?"

"இப்போ இருந்த பக்கம்!"

ஒருவழியாகப் புள்ளிகள் அடங்கும். கோடுகள் வரும். தூர்தர்ஷனின் அந்த வட்டம் சுழன்று சுழன்று வர, பின்னால் அழுவதா தூங்குவதா என்று தீர்மானிக்காத அந்த ஷெனாய். எங்கள் தெருவில் அதைக் கேட்டால் கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தும். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரே அறையில் இருக்கப்போகிறோம் என்று அவற்றுக்குத் தெரியும்.

முதலில் வயலும் வாழ்வும். மயிலாப்பூரில் வயல் என்று சொல்லிக்கொள்ள அப்போதே எதுவும் கிடையாது. எனினும் எங்கள் வீட்டில் ஆறு குடித்தனமும் ஐ.ஆர்.20க்கு என்ன உரம், எப்போது மேலுரம், புகையான் வந்தால் என்ன அடிப்பது என்பதையெல்லாம் கரைத்துக் குடித்திருந்தது. மாமி துளசி மாடத்துக்கு யூரியா போட்டுப் பார்த்தாள். துளசி போய்விட்டது. திண்ணையில் இரண்டு ரிடையர்டு தாசில்தார்கள் தென்னைக்கு வேப்பம் புண்ணாக்கு உசத்தியா, கடலைப் புண்ணாக்கு உசத்தியா என்று சண்டை போட்டு ஒரு மாசம் பேசாமல் இருந்தார்கள். இருவர் வீட்டிலும் தென்னை கிடையாது.

அப்புறம் செய்திகள். ஷோபனா ரவி என்றால் பெண்கள் முன்னால் நகர்ந்து உட்காருவார்கள். கறுப்பு வெள்ளையில் அந்தப் புடவை என்ன கலர் என்று ஒரு விவாதம் நடக்கும். மறுநாள் ஆபீஸில் கலர் டி.வி. வைத்திருக்கும் காந்தி நகர்க்காரர் ஒருவர் தீர்ப்பு சொல்வார். வரதராஜன் என்றால் ஆண்கள் நிமிர்வார்கள். மனிதருக்கு அப்படியொரு குரல். பருத்தி விலை குறைந்தது என்று அவர் சொன்னால், குறைந்ததற்கு நாமே ஜவாப்தாரி போலத் தோன்றும்.

அதன்பின் ஒளியும் ஒலியும். அரை மணி நேரம், அஞ்சோ ஆறோ பாட்டு. அந்த அரை மணியில் கச்சேரி ரோட்டில் நடுவில் பாய் விரித்துப் படுக்கலாம். கபாலி கோயில் சாயரட்சைக்கு வந்தவர்கள் பிரகாரத்தை ஓட்டமாகச் சுற்றுவார்கள். யார் வீட்டிலாவது மிக்ஸி போட்டால் திரையில் மழை கொட்டும். "யாருடி அது சட்னி அரைக்கறது?" என்று மூன்று வீடு தாண்டிக் குரல் போகும். முதல் பாட்டு பக்திப் பாட்டாக இருந்தால் மாமிக்குத் திருப்தி, எங்களுக்குப் பெருமூச்சு. ஆறில் ஒன்று போய்விட்டதே.

இங்கே சீட்டிங் பற்றிச் சொல்ல வேண்டும். பிரம்பு நாற்காலி மாமாவுக்கு. பெஞ்ச் குடித்தனக்கார ஆண்களுக்கு. ஜமக்காளம் பெண்களுக்கு. வெறும் தரை குழந்தைகளுக்கு. நான் வாசற்படி ஓரம், காக்காய் வந்தால் மாடிக்கு ஓட வசதியாக. இதெல்லாம் உள்ளே. வெளியே, தெருப் பக்க ஜன்னலில், கம்பிகளுக்கு நடுவில் ஏழெட்டு முகங்கள் இருக்கும். இஸ்திரிக்காரர், பக்கத்துக் கட்டட வேலைக்காரர்கள், தெப்பக்குளத்தருகே பூ விற்கிற அம்மாவின் பையன். பையனுக்குப் பன்னிரண்டு வயசு. இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, திண்டில் காலை ஊன்றித் தொங்குவான். மாமா அவனுக்குக் 'கம்பி' என்றே பெயர் வைத்திருந்தார்.

அவர்களை உள்ளே வா என்று யாரும் சொன்னதில்லை, வராதே என்றும் சொன்னதில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. படத்தின் நடுவே "நவுருங்க சார், தல மறைக்குது" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தால் பெஞ்சில் இருப்பவர் நகர்வார். அந்த மட்டும் நியாயம் இருந்தது. மழைக்காலத்தில் சாரல் அடிக்கிறது என்று மாமி ஜன்னலைச் சாத்திவிட்டால் சினிமா முடிந்தது. வெளியே யாரும் கத்த மாட்டார்கள். நனைந்துகொண்டே பாட்டை மட்டும் கேட்டுவிட்டுப் போவார்கள்.

எட்டரை மணி தாண்டினால் டெல்லி. 1982 ஆகஸ்ட் 15லிருந்து தேசிய நிகழ்ச்சி என்று ஆரம்பித்து, நல்ல நேரத்தை டெல்லி எடுத்துக்கொண்டது. கலரும் அன்றைக்குத்தான் வந்தது. மாமா வீட்டில் டெல்லி வந்தது, கலர் வரவில்லை. இந்தி செய்தி தொடங்கியதும் தெரு முழுக்கத் தட்டு வைக்கிற சப்தம் கேட்கும். 1965ல் ரோட்டில் நடந்த இந்தி எதிர்ப்பு 1984ல் வால்யூம் குமிழில் நடந்தது. வாயசைவு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். மாமா ரசம் சாதத்தோடு அதைப் பார்ப்பார். கரண்ட் பில் தருகிறோமே, வீணாகலாமா? தமிழ் என்பது ஏழு மணி சுமாருக்கு வந்து எட்டரைக்கு எழுந்து போகிற விருந்தாளியாக இருந்தது. 1993 ஏப்ரல் 14ல் சன் டி.வி. வந்தபோது ஜனங்கள் ஏன் அப்படிப் பாய்ந்தார்கள் என்று இன்றைக்கு ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்த வால்யூம் குமிழிலிருந்து ஆரம்பிக்கலாம்.

அந்த வருஷம் அக்டோபர் 31, புதன்கிழமை. இந்திரா காந்தியைச் சுட்டுவிட்டார்கள் என்று மத்தியானமே பி.பி.சி. கேட்டவர்கள் சொல்லிவிட்டார்கள். நம் ரேடியோ சாயந்திரம்தான் ஒப்புக்கொண்டது. ஊரில் ஏற்கெனவே பயம். எம்.ஜி.ஆர். வேறு அப்போலோவில் படுத்திருந்தார். கடைகள் மூடிவிட்டன. மாமா ஷட்டரைத் திறந்துவைத்துவிட்டுச் சாவியைப் பூணூலில் திரும்ப மாட்ட மறந்தார். பிறகு நாள் முழுக்க டி.வி. ஓடியது. தீன்மூர்த்தி பவன், பூக்கள், வரிசை, சோக வாத்தியம். நவம்பர் 3, சனிக்கிழமை இறுதி ஊர்வலம். அன்றைக்கு ஜன்னலில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு கிழவி திண்டில் ஏற முடியாமல் தெருவில் உட்கார்ந்து, ஒன்றுமே தெரியாமல், சப்தத்துக்கு மட்டும் அழுதுகொண்டிருந்தாள்.

மாமிதான் எழுந்து போய் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் திறந்தாள். "எதுக்கு அங்க நின்னுண்டு? உள்ள வாங்கோ எல்லாரும்."

மாமா திரும்பிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். இஸ்திரிக்காரர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுச் சுவரோரம் நின்றார். கிழவி ஜமக்காளத்தின் ஓரத்தைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மாமி எல்லோருக்கும் மோர் கொடுத்தாள். எந்த டம்ளரில் கொடுப்பது என்று ஒரு கணம் அலமாரி முன் நின்றதை நான் பார்த்தேன். எவர்சில்வரில்தான் கொடுத்தாள்.

துக்கமெல்லாம் முடிந்து ஒளியும் ஒலியும் திரும்ப வந்த வெள்ளிக்கிழமை, எல்லோருக்கும் ஒரு சங்கடம். ஜன்னலா, உள்ளேயா? பெரியவர்கள் வழக்கம்போல ஜன்னலுக்கே போய்விட்டார்கள். கம்பி மட்டும் நேராக வாசல் வழியே உள்ளே வந்து, குழந்தைகள் நடுவில் தரையில் உட்கார்ந்தான். பெஞ்சிலிருந்து ஒருவர் தொண்டையைக் கனைத்தார். மாமா மாமியைப் பார்த்தார். மாமி திரையைப் பார்த்தாள். முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு வாரமும் வந்தான். ஆன்டெனா உத்தியோகத்தையும் சீக்கிரமே என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டான். என்னைவிட வேகமாக ஏறினான். காக்காயிடம் அவனுக்கு ஒரு பாஷையும் இருந்தது. மாமா வாடகையில் பத்து ரூபாயை ஏற்றிவிட்டார்.

நான் கல்யாணமாகி அடையாறு பக்கம் போய்விட்டேன். 1993ல் ஒரு நாள் மாமாவைப் பார்க்கப் போனபோது, தெருவில் மாடிக்கு மாடி கறுப்பு ஒயர் ஓடிக்கொண்டிருந்தது. தோளில் ஒரு சுருள், கையில் டிரில்லிங் மெஷினோடு கம்பி. தெருவுக்கு அவன்தான் கேபிள். மாமா வீட்டுக்கும் இணைப்பு கொடுத்துக்கொண்டிருந்தான். தெருப் பக்க ஜன்னல் சட்டத்தில் துளை போட்டு ஒயரை உள்ளே விட்டான்.

"ஏண்டா, வாசல் வழியா கொண்டுவரப்படாதோ?" என்றார் மாமா.

"இதான் சார் நமக்குப் பயக்கம்."

ரிமோட்டை மாமா கையில் கொடுத்து ஒவ்வொன்றாகக் காட்டினான். இங்கிலீஷ், இந்தி, தமிழ், யாரோ ஆடினார்கள், யாரோ கிரிக்கெட் ஆடினார்கள். மாமா பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதெல்லாம் சரி, வயலும் வாழ்வும் எந்த நம்பர்?" என்றார்.

கம்பி ஒரு காலண்டர் தாளைக் கிழித்துப் பெரிசாக '3' என்று எழுதி, டி.வி.யின் மர ஷட்டரில் ஒட்டினான். மாசா மாசம் ஒண்ணாம் தேதி வருவேன் சார் என்று சொல்லிவிட்டு, இந்தத் தடவை வாசல் வழியாகப் போனான்.